மண் காத்த மறைபொருள்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது நம் நாட்டுப் பழமொழி. சுத்தியலைத் தேடப் பொன் புறப்பட்டது என்பது இங்கிலாந்து நாட்டு வரலாறு.

1992ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள். கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்து ஹாக்சன் என்னும் சிற்றூரில், குத்தகைக்கு உழுத உழவர் ஒருவர் தமது சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். ஓய்வு பெற்ற தோட்டக்காரரான எரிக் லாஸ் என்னும் நண்பரிடம் உலோகங்காட்டும் கருவி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு சுத்தியலைத் தேடித் தருமாறு உழவர் வேண்டினார். கருவி ஒலித்தது. தோண்டியபோது வெளிப்பட்டது சுத்தியலன்று. வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. சிலவற்றை எடுத்த அளவில் லாஸ் தம் கையை நிறுத்திக்கொண்டார். காவல்துறைக்கும் நிலத்துக்கு உரிமை கொண்ட மாவட்ட மன்றத்துக்கும் செய்தி போயிற்று. மறுநாளே தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தனர்.

எண்ணிப் பார்த்தபோது காசுகள் மட்டும் 14,865. அவற்றோடு ஏறத்தாழ 200 பொன், வெள்ளிப் பொருள்கள். யாவும் உரோமைப் பேரரசின் காலத்தவை. காசுகளுள் மிகப் பிந்தியவை கி.பி. 407, 408ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. பிரித்தானியத் தீவில் உரோமை ஆட்சி குலைந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் கலங்கிய அந்நாளில் செல்வர் எவரோ தம் உடைமைகளைப் பெட்டியில் அடுக்கிப் புதைத்தனர். மீண்டு வந்து எடுக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. பொற்கடகம் ஒன்றில் யூலியானா என்னும் பெண்ணின் பெயர் இருந்தது. கரண்டிகள் சிலவற்றில் கிறிஸ்துவின் திருப்பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்து முத்திரை இருந்தது. மிளகுப் பொடி தூவுவதற்கான வெள்ளிச் சிமிழ்கள் நான்கும் இருந்தன. மிளகு அந்நாளில் தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கடல் கடந்து போன சரக்கு. சேரநாட்டு மலைச்சாரலில் காய்ந்த மிளகு, ஹாக்சன் வீட்டின் உணவு மேசையில் வெள்ளிச் சிமிழுக்குள் இருந்தது என்று எண்ணும்போது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுத் தொலைவு சற்றே சுருங்குகிறது.

அப்புதையலுக்கு அரசு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் வெகுமதி அளித்தது. லாஸ் அதை உழவரோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமை.

இந்நிகழ்ச்சியை நாம் முன்வைப்பது பொன்னின் மதிப்பைச் சொல்லி வியப்பதற்கன்று. கையில் பொன் தட்டுப்பட்ட பின்னும் தோண்டுவதை நிறுத்திய ஒரு முதியவரின் மனத்தை எண்ணிப் பார்ப்பதற்காகவே. அவர் நிறுத்தியதால்தான் மட்கிய மரப்பெட்டியின் சுவடும், அதனுள் இருந்த சிறு பேழைகளின் வெள்ளிப் பூட்டுகளும், எதன்மேல் எது அடுக்கப்பட்டிருந்தது என்னும் ஒழுங்கும் நமக்குத் தெரிய வந்தன. வாரி எடுத்திருந்தால் பொன் கிடைத்திருக்கும். யூலியானாவின் வீடு கிடைத்திராது.

கருவி வந்த வழி

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை அறியும் இக்கருவி, உயிர் காக்கும் முயற்சியில் பிறந்தது. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்சுருள்களைக் கொண்டு ஒரு கருவியைச் செய்து நோயாளியின் உடல்மீது பிடித்துப் பார்த்தார். படுக்கையின் எஃகுச் சுருள்கள் குறுக்கிட்டன. மருத்துவர் காட்டிய பக்கமோ குண்டு இல்லாத பக்கம். முயற்சி பலிக்கவில்லை. செப்டம்பர் 19ஆம் நாள் தலைவர் உயிர் நீத்தார்.

அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டாம் உலகப் போரின்போது, நாட்டை இழந்து பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்த போலந்துப் படையதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி, கண்ணிவெடிகளைக் காட்டும் கைக்கருவி ஒன்றை 1941இல் அமைத்தார். காப்புரிமை எதுவும் கேளாமல் அதைப் பிரித்தானியப் படைக்கு ஈந்தார். 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் மணல்வெளியில் வீரர்கள் இக்கருவியின் துணையோடு வெடிகளுக்கிடையே வழி கண்டனர். போர் ஓய்ந்தபின் கருவி எளிதாகி விலை குறைந்தது; ஓய்வு நேரப் பொழுதுபோக்காளர் கைக்கு வந்தது.

அது வேலை செய்யும் முறை கடினமானதன்று. கோலின் நுனியில் வட்டமான கம்பிச்சுருள் உண்டு. அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் காந்தப் புலம் எழுகிறது. அப்புலம் மண்ணுள் கிடக்கும் உலோகத்தைத் தொட்டால், உலோகத்தினுள் சிறு மின்சுழல்கள் தோன்றி, தமக்கெனத் தனிக் காந்தப் புலத்தை எழுப்புகின்றன. அந்த எதிர்வினையை மற்றொரு சுருள் வாங்கிக் காதில் ஒலியாகத் தருகிறது. பழகியவர் காது இரும்புக்கும் வெள்ளிக்கும் ஒலி வேறுபாட்டை உணரும். ஆயினும் சிறு காசு ஒன்றை ஓரடி ஆழத்துக்கு மேல் அறிவது அரிது. மண்ணின் மேல்தோலைத் தடவிப் பார்க்கும் கைதான் இது.

பழைய வீட்டைச் சுற்றி

வயல்வெளியைவிடப் பழைய வீட்டின் சுற்றுப்புறம் இக்கருவியாளருக்கு இனியது. மனிதர் நின்ற இடத்தில்தான் மனிதர் கைப்பொருள் விழும். வாயிற்படியின் இருமருங்கு, கிணற்றங்கரை, துணி உலர்த்திய வெளி, வயதான மரத்தின் நிழல், வேலியைக் கடக்கும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றையே முதலில் நாடுவர். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பொத்தான், தையல் விரலுறை, உடைந்த கத்தி, குதிரை இலாடம், தேய்ந்த செப்புக்காசு. விற்றால் ஒரு வேளை உணவுக்கும் காணாதவை. எனினும் ஒரு பொத்தான் விழுந்த இடத்தில் ஒருவர் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். ஒரு காசு விழுந்த நாளில் ஒரு பிள்ளை அழுதிருக்கிறது. வேந்தர் வரலாறு ஏடுகளில் உண்டு. இவர்கள் வரலாறு இத்துணுக்குகளில்தான் உண்டு.

சில வீடுகள் துணுக்குகளோடு நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் எல்லர்பி என்னும் ஊரில், ஒரு தம்பதியர் தம் பழைய வீட்டின் சமையலறைத் தளத்தைப் பெயர்த்தனர். கருவி ஏதும் அவர்களிடம் இல்லை. தளத்துக்குக் கீழே அரையடி ஆழத்தில் ஒரு சிறு மண்கலம் தென்பட்டது. உள்ளே 264 பொற்காசுகள். 1610 முதல் 1727 வரையிலான ஆண்டுகளைச் சார்ந்த அவை, ஹல் துறைமுகத்து வணிகக் குடும்பம் ஒன்றின் சேமிப்பு என ஆய்ந்தோர் கண்டனர். 2022இல் ஏலத்தில் அவை ஏழரை இலட்சம் பவுனுக்கு விலைபோயின. நூறாண்டுக்கும் மேற்பட்ட காசுகளைச் சேர்த்தவர், அவற்றைத் தம் பிள்ளைகளுக்கும் காட்டாமல் போனார் போலும்.

பொருளை ஏன் மண்ணில் ஒளித்தனர்? வங்கி இல்லாத காலம், அல்லது வங்கியை நம்பாத மனம். போர் வந்தால் மண்ணைத் தவிர வேறு பெட்டகம் இல்லை. 1667ஆம் ஆண்டு ஜூனில் டச்சுக் கப்பற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் புகுந்தபோது, கடற்படை அலுவலரும் நாட்குறிப்பால் புகழ் பெற்றவருமான சாமுவேல் பீப்ஸ், தம் பொன்னை மனைவியிடமும் தந்தையிடமும் கொடுத்துப் பிராம்ப்டன் என்னும் ஊருக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை ஊரார் கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், பட்டப்பகலில், அவர்கள் அதைத் தோட்டத்தில் புதைத்துவிட்டனர். அச்செய்தி அறிந்த பீப்ஸ் கொதித்தார். அக்டோபரில் ஊருக்குச் சென்று இரவில் விளக்கை மறைத்துப் பிடித்துத் தோண்டினால், புதைத்தவர்களுக்கே இடம் மறந்திருந்தது! பைகள் மக்கிக் காசுகள் மண்ணில் சிதறியிருந்தன. மண்ணை வாரிக் கழுவிச் சல்லடையில் சலித்து எடுத்தும் இருபது முப்பது காசு குறைந்ததாக அவரே எழுதி வைத்தார். மண்ணில் புதைத்த செல்வத்துக்கு வந்த கேட்டை இதைவிடத் தெளிவாக உரைப்பார் இல்லை.

மரப்பலகையின் கீழ் மறைந்த மறை

பொன்னைப் புதைத்தோரை மட்டும் எண்ணி நாம் நின்றுவிடலாகாது. அதே இங்கிலாந்தில், அதே பழைய வீடுகளில், பொன்னல்லாத ஒன்றை உயிரைப் பணயம் வைத்து ஒளித்தோரும் இருந்தனர்.

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் கத்தோலிக்கத் திருப்பலி தடைசெய்யப்பட்டது. 1571இல் இயற்றிய சட்டம், திருத்தந்தையால் மந்திரிக்கப்பட்ட மெழுகுப் பதக்கங்களையும் சிலுவைகளையும் செபமாலைகளையும் நாட்டுக்குள் கொண்டுவருவதைக் கடுங்குற்றமாக்கியது. குருக்கள் மாறுவேடத்தில் வீடு வீடாகச் சென்றனர். மாளிகைகளின் சுவருக்குள்ளும் மாடிப்படிக்கு அடியிலும் அவர்களுக்கு மறைவறைகள் அமைந்தன. அவற்றுள் பலவற்றை அமைத்தவர் இயேசு சபையின் பொதுநிலைச் சகோதரரும் தச்சருமான நிக்கோலாஸ் ஓவன். இரவில் தனியராய் வேலை செய்த அவர், 1606இல் இலண்டன் கோட்டைச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகி மாண்டார். தாம் அமைத்த மறைவிடங்களுள் ஒன்றையேனும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

1581ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், லைஃபோர்ட் கிரேஞ்ச் என்னும் வீட்டின் மறைவறையில் இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் பிடிபட்டார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் இலண்டன் டைபர்னில் அவருக்குக் கொலைத்தண்டனை நிறைவேறியது. ஓவனும் கேம்பியனும் 1970ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுலால் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட 40 மறைச்சாட்சிகளுள் இருவர்.

கேம்பியன் பிடிபட்டு 378 ஆண்டுகள் கழிந்தன. 1959இல் அதே லைஃபோர்ட் வீட்டில் மின்கம்பி பதிக்க வந்த பணியாளர், மேல்மாடத் தளத்தின் கீழே உத்தரத்தோடு ஆணியறைந்து பொருத்திய சிறு மரப்பெட்டி ஒன்றைக் கண்டனர். உள்ளே மெழுகு வட்டம் ஒன்று காகிதத்தில் பொதியப்பட்டிருந்தது. பாஸ்கா திரியின் எஞ்சிய மெழுகில் இறைவனின் செம்மறி உருவம் பதித்துத் திருத்தந்தை மந்திரித்த 'ஆக்னுஸ் தேயி' பதக்கம் அது. வைத்திருந்தால் தண்டனை என்று சட்டம் சொன்ன அதே பொருள். இப்போது அது ஆக்ஸ்ஃபோர்டில் புனிதரின் பெயர் தாங்கிய கேம்பியன் இல்லத்தில் பேணப்படுகிறது.

மற்றொரு வீடு நார்ஃபோக் மாவட்டத்து ஆக்ஸ்பரோ மாளிகை. 1482இல் எழுந்த இம்மாளிகையின் உரிமையாளராயிருந்த பெடிங்ஃபீல்ட் குடும்பத்தார், தடைக்காலத்திலும் கத்தோலிக்க நம்பிக்கையில் நிலைத்து நின்றவர்கள். அங்கும் குருவுக்கான மறைவறை உண்டு. 2020இல் கூரையைப் பழுதுபார்க்க மேல்மாடப் பலகைகளைப் பெயர்த்தபோது, தூசிக்கு அடியில் 1568இல் அச்சான செப நூல் ஒன்று ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. பொன்னும் நீலமும் ஒளிரும் 15ஆம் நூற்றாண்டுத் தோல் ஏட்டின் துணுக்கு ஒன்றில் திருப்பாடல் வரிகள் இருந்தன. எலிகள் கூடு கட்ட இழுத்துச் சென்ற துணித் துண்டுகளும் இசைக் குறிப்பேட்டின் கிழிசல்களும் உடன் கிடைத்தன.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உலோகங்காட்டும் கருவியை அந்த மேல்மாடங்களில் எங்கு பிடித்தாலும் மெழுகுக்காக அது ஒலித்திராது. தோல் ஏட்டுக்காகவும் ஒலித்திராது. பெட்டியை அறைந்த ஆணிக்கே ஒலித்திருக்கும். நம் கருவிகள் எதைத் தேடும்படி செய்யப்பட்டனவோ அதையே காட்டுகின்றன. ஆணி ஒலிக்கும் இடத்தில் மெழுகும் இருக்கக்கூடும் என்று எண்ணுவது தேடுகிறவரின் மனத்தைப் பொறுத்தது.

கருவியாளர் நமக்குத் தந்த சமயச் சான்றுகளும் உள. இங்கிலாந்தின் வயல்களில் அவர்கள் அடிக்கடி கண்டெடுப்பவற்றுள் திருத்தந்தையரின் ஈய முத்திரைகள் அடங்கும். ஒருபுறம் திருத்தந்தையின் பெயரும் மறுபுறம் புனித பேதுரு, பவுல் திருமுகங்களும் கொண்ட அம்முத்திரைகள், மடல்களில் கட்டித் தொங்கவிடப்பட்டவை. மடல் அழிந்தது, முத்திரை நின்றது. திருத்தலப் பயணிகள் புனித நீரை முகந்துவந்த சிறு ஈயக் குப்பிகளும் உழுநிலங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. விளைச்சல் செழிக்க அந்நீரை வயலில் தெளித்துக் குப்பியையும் அங்கேயே இட்டனர் என்று ஆய்வாளர் கருதுவர். நம் ஊர்களில் வேளாங்கண்ணிக் கோயில் எண்ணெயையும் மந்திரித்த நீரையும் வீட்டுக்குக் கொண்டுவரும் அன்னையர், அந்த உழவர்களை எளிதில் புரிந்துகொள்வர்.

யாருக்கு உரியது?

மண்ணுள் கிடப்பது யாருக்கு உரியது என்னும் வினா பழமையானது. இங்கிலாந்தில் 1996இல் இயற்றிய புதையல் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பழம்புதையலைக் கண்டவர் 14 நாள்களுக்குள் உரிய அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதை ஏற்குமாயின் கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் வெகுமதி உண்டு. புதையல் அல்லாத சிறு பொருள்களையும் மக்கள் தாமே வந்து பதிவுசெய்ய 1997இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. எளிய மனிதர்களின் நேர்மையால் எழுந்த வரலாற்றுக் களஞ்சியம் அது.

நேர்மை தவறினால் நேரும் இழப்பையும் அந்நாடு கண்டது. 2015இல் ஹெரஃபோர்ட்ஷயர்ப் பகுதியில் இருவர் கருவியோடு சென்று வைக்கிங்குகள் காலப் புதையலைக் கண்டனர். யாருக்கும் அறிவியாமல் எடுத்துச் சென்று விற்கத் தலைப்பட்டனர். ஏறத்தாழ 300 காசுகள் இருந்தன என்று கருதப்படுகிறது. முதலில் மீட்கப்பட்டவையோ முப்பது அளவே. அந்த முப்பதிலும், வெசெக்ஸ் வேந்தர் ஆல்ஃபிரட், மெர்சியா வேந்தர் செயோல்வுல்ஃப் இருவர் பெயரிலும் ஒரே வகையில் அச்சிட்ட அரிய காசுகள் இருந்தன. வைக்கிங்குகளின் கைப்பாவை என்று இழிக்கப்பட்ட செயோல்வுல்ஃப், ஆல்ஃபிரடின் தோழராக விளங்கியவர் என்பதற்கு அவை சான்று. ஆயிரத்து நூறாண்டுப் பழிச்சொல் ஒன்றைத் துடைக்க வல்ல சான்றுகள் களவுச் சந்தையில் சிதறிப்போயின. 2019இல் இருவரும் சிறை புகுந்தனர். சிதறியவற்றுள் பல மீளவில்லை. களவு போனது காசு மட்டுமன்று. இறந்த ஒருவருக்கு உரிய நீதியும் ஆகும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணிலோ மண்ணோடு பொருந்திய எதிலோ மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையலே. பழைய வீட்டின் சுவரும் தரையும் இவ்விலக்கணத்துள் அடங்கும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உரியவர் எவரும் இலர் எனத் தீர்ந்தால், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கும் என்பது, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், அச்சட்டம் வகுத்த முறை. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். மறைத்தவருக்கோ பங்கும் போகும், சிறையும் நேரலாம். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது கலம் ஒன்றில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. அவை எண்ணி எடையிட்டு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. கரூரும் வெள்ளலூரும் உரோமைக் காசுகளைத் தந்த மண். ஹாக்சன் சிமிழின் மிளகுக்கு விலையாக வந்த பொன் எங்கே போயிற்று என்று தேடுவோர்க்கு நம் கொங்குநாடும் விடை சொல்கிறது.

நற்செய்தியில் நிலத்தில் புதைந்த செல்வத்தைக் கண்டவன் செய்தது யாது? இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு ஓடவில்லை. தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தையே வாங்கினான். காணாமற்போன காசைத் தேடிய பெண்ணோ விளக்கேற்றி வீட்டைப் பெருக்கினாள். கண்டதும் தோழியரையும் அண்டை வீட்டாரையும் அழைத்தாள். ஒன்றில் கண்டவன் விலை கொடுக்கிறான். மற்றொன்றில் கண்டவள் ஊரறிய மகிழ்கிறாள். கண்டெடுத்தலின் அறம் இவ்விரண்டிலும் அடங்கிவிடுகிறது.

நம் ஊர்களில் இன்று பழைய ஓட்டு வீடுகள் நாள்தோறும் இடிகின்றன. பொக்லைன் இயந்திரம் ஒரு முற்பகலில் மூன்று தலைமுறையை வாரி லாரியில் ஏற்றிவிடுகிறது. உத்தரத்தின் இடுக்கில் பாட்டனார் செருகி வைத்த பத்திரமும், நிலைக்காலின் அடியில் இட்ட காசும், அடித்தளக் கல்லோடு வைத்த மாதாவின் பதக்கமும், புகை படிந்த பழைய செப நூலும் எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போகின்றன. அவற்றைத் தேட நமக்குக் கருவி வேண்டுவதில்லை. வீட்டை இடிப்பதற்கு முந்திய நாள் முதியவர் ஒருவரை உடன் அழைத்து, அறை அறையாக நடந்து, எது எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். பழுதான ஏட்டைப் பங்குக் கோயில் ஆவணப் பெட்டியில் சேர்க்கலாம். பழங்காசு கிடைத்தால் ஆட்சியருக்கு எழுதலாம்.

ஹாக்சன் வயலில் முதியவர் லாஸ் கைநிறையப் பொன்னோடு நின்ற அந்தப் பிற்பகல், எந்த வீட்டின் முற்றத்திலும் நமக்கும் வரலாம். அன்று தோண்டுவதை நிறுத்தத் தெரிந்திருந்தால் அதுவே நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் புதையல்.